கரையீடும் கப்பலும்
(டெல்டாவும் கடலும் – பகுதி 11)

பங்கிட வேண்டிய பொருள் குறைவாகவும் அதற்கு உரிமை கோருவோர் அதிகமாகவும் இருந்து, அவர்களுள் ஒருவரை மற்றவரினும் தகுதியுடையவர் என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லாதபோது, முடிவைச் சீட்டின் பொறுப்பில் விட்டுவிடும் வழக்கம் காவிரி டெல்டாவில் மிகப் பழையது. ஆண்டுதோறும் மார்ச் மாத இறுதியில் அமெரிக்க விசாவுக்கான கணினிக் குலுக்கலின் முடிவுக்காகக் காத்திருக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக் குடும்பங்களுக்கு அது அந்நிய நாட்டின் விசித்திரமாகத் தோன்றக்கூடும்; ஆனால் அக்குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர் தங்கள் வயல்களையே சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். சென்ற பகுதியில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற கப்பல்களைப் பார்த்தோம். அக்கப்பல்களிலும் பிற்கால விமானங்களிலும் யாருக்கு இடம் கிடைத்தது, அதை எந்த முறையில் யார் தீர்மானித்தார்கள் என்பது இப்பகுதியின் பொருள். அதை விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் கப்பலை விட்டு வயலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜியிடமிருந்து தஞ்சை நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது, அதன் அதிகாரிகள் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது நிலம் யாருடையது, வரியை யாரிடம் கேட்பது என்பதைத்தான். அவர்களுக்குக் கிடைத்த விடை எளிதாக இல்லை. நிலத்தின் மீதும் அதன் விளைச்சலில் ஒரு பங்கின் மீதும் பரம்பரையாக வரும் உரிமைக்கு இங்கே மிராசு என்று பெயர்; அதை உடையவர் மிராசுதார். அந்த மிராசு எல்லா ஊர்களிலும் ஒரே வகையாக அமைந்திருக்கவில்லை. ஊர் முழுவதும் ஒருவருக்கே உரியதாக இருந்தால் அது ஏகபோகம். பலருக்கு உரியதாக இருந்து அவரவர் நிலம் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அது அறுதிக்கரை. பலருக்கு உரியதாக இருந்தும் நிலையாகப் பிரிக்கப்படாமல் பொதுவில் கிடந்தால் அது சமுதாயம் அல்லது பசுங்கரை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எடுக்கப்பட்ட கணக்கின்படி தஞ்சை மாவட்டத்தில் 5,783 ஊர்கள் இருந்தன. அவற்றுள் ஏகபோக ஊர்கள் 1,807, நிலையாகப் பிரிக்கப்பட்டவை 2,202, பொதுவில் இருந்தவை 1,774. மிராசுதாரர்களின் மொத்தத் தொகை 62,048.

பொதுவில் இருந்த அந்த 1,774 ஊர்களில் நடந்த பங்கீட்டுக்குத்தான் கரையீடு என்று பெயர். ஊரின் உரிமை குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள பங்குகளாக வகுக்கப்பட்டிருக்கும். சில பங்குகள் சேர்ந்தது ஒரு கரை. பங்கு நிலையானது, அதை விற்கலாம், அடகு வைக்கலாம், மகனுக்கு விட்டுச்செல்லலாம். ஆனால் அந்தப் பங்குக்கு எந்த வயல் என்பது நிலையானதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரார் கூடி, நன்செயைக் கரைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறிலும் நல்ல மண்ணும் நடுத்தர மண்ணும் மட்டமான மண்ணும் கலந்திருக்குமாறு பார்த்துக்கொண்டு, எந்தக் கூறு எந்தக் கரைக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்தார்கள். அடுத்த கரையீடு வரை அந்த வயல் அவர்கள் பொறுப்பு. பிறகு மீண்டும் சீட்டு.

இவ்வளவு சிரமம் எதற்கு என்பதை டெல்டாவின் தண்ணீரை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். இங்கே ஒரு வயலின் மதிப்பு அதன் பரப்பைவிட வாய்க்காலில் அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தலைமடையில் இருப்பவன் ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்திலேயே நாற்று விடுகிறான். கடைமடையில் இருப்பவன் மேலே உள்ள அத்தனை வயல்களும் நிறைந்து வடியும்வரை காத்திருக்கிறான், வறட்சியில் தண்ணீர் எட்டுவதே இல்லை, வெள்ளத்திலோ எல்லாருடைய வடிகாலும் அவன் வயலில்தான் வந்து நிற்கிறது. எவ்வளவு நுணுக்கமாகக் கூறுபோட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வை முழுதும் அகற்ற முடியாது. கரையீடு அதை அகற்றியதாகச் சொல்லிக்கொள்ளவுமில்லை. இந்தச் சுற்றில் கடைமடை விழுந்தவனுக்கு அடுத்த சுற்றில் தலைமடை விழக்கூடும் என்ற நிலையை மட்டும் ஏற்படுத்தியது. ஒரே ஒரு முறை போடப்படும் சீட்டு ஒருவனை வாழ்நாள் முழுவதும் கடைமடையில் கட்டிப்போடும், அது நியாயம் என்று அவனை நம்பவைப்பது கடினம். கரையீட்டின் நேர்மை சீட்டு எடுக்கும் கையில் இருந்ததைவிடச் சீட்டு மீண்டும் மீண்டும் வந்ததில்தான் அதிகம் இருந்தது என்று கொள்ளலாம்.

கம்பெனி அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. நாளைக்குக் கைமாறப்போகும் வயலுக்கு இன்று எவன் எரு அடிப்பான், எவன் வரப்பைச் செப்பனிடுவான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் எடுத்துக்காட்டிய சென்னைக் கலெக்டர் எல்லிஸ், மிராசு உரிமையைப் பற்றி 1818இல் வெளியான தம் விரிவான விடைகளில் பசுங்கரையையும் அறுதிக்கரையையும் பொறுமையோடு விளக்கியிருக்கிறார். அவரைப் போன்ற பொறுமை வருவாய்த்துறையில் மற்றவர்களுக்கு இருக்கவில்லை. தனித்தனி நிலத்துக்குத் தனித்தனிப் பட்டா என்ற முறை வேரூன்ற வேரூன்ற, பொதுவில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக அறுதிக்கரைக்கு மாறின. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கரையீடு பெரும்பாலான ஊர்களில் பழங்கதையாகிவிட்டது.

கரையீட்டைப் புகழ்ந்து எழுதுவோர் வழக்கமாக விட்டுவிடும் ஒன்று உண்டு. சீட்டில் பெயர் இருந்தது பங்குதாரர்களுக்கு மட்டுமே. உழுதவர்களும் நட்டவர்களும் அறுத்தவர்களும், அதாவது குத்தகைக்கு உழுத புறக்குடிகளும், பள்ளர் பறையர் குடியிருப்புகளில் வாழ்ந்த பண்ணையாட்களும் அதில் இல்லை. கரை மாறும்போது அவர்களுக்கு மாறியது ஆண்டையின் வயல் மட்டுமே. நிலத்தின் குலுக்கலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இந்த மக்களிலிருந்துதான் பின்னாளில் நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏறியோருள் பெருந்தொகையினர் வந்தார்கள்.

சீட்டு என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு முதலில் வருவது கரையீடன்று, உத்திரமேரூர்க் குடவோலை. அது டெல்டாவுக்கு வெளியே, காஞ்சிபுரத்துக்கு அருகில் நடந்ததாயினும், முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், 921ஆம் ஆண்டையொட்டி, அந்தச் சபை கூடி விதிகளைத் தீர்மானித்தபோது அரசாணையோடு உடனிருந்த அதிகாரி சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்தவர், அதாவது டெல்டாக்காரர். ஊர் 30 குடும்புகளாக, இன்றைய வார்டுகளைப் போலப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க, அங்கிருந்த பூசகர்களான நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படித்தார்கள். இப்படித் தேர்ந்த முப்பதின்மரைக் கொண்டே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகிய குழுக்கள் அமைந்தன.

பாடநூல்கள் சிறுவனோடு நின்றுவிடுகின்றன. இங்கே கவனிக்க வேண்டியவை குடத்துக்கு வெளியே உள்ள விதிகள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும்; வயது 35க்கு மேல் 70க்குள்; வேதக் கல்வி வேண்டும்; ஒரு வேதத்திலும் ஒரு பாஷ்யத்திலும் வல்லவராக இருந்தால் அரைக்கால் வேலி, அதாவது பாதி நிலமே போதும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரையும் எழுதக் கூடாது. கடைசி விதி கரையீட்டின் உறவினன்: வென்றவன் சிறிது காலம் ஒதுங்கி நிற்க வேண்டும், அப்போதுதான் சீட்டு ஊரைச் சுற்றி வரும். இந்த விதிகளும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 919ஐ ஒட்டி, அதே சபை ஒருமுறை விதி வகுத்திருந்தது. அது போதாமல் போகவே மறுபடி கூடியிருக்கிறார்கள். குலுக்கலை ஏமாற்றும் வழிகள் குலுக்கலோடு கூடவே வளர்வது 10ஆம் நூற்றாண்டுக்கும் பொருந்தும்.

நாகப்பட்டினத்துக்கு வருவோம். மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆட்கள் ஏற்றப்பட்ட பல பத்தாண்டுகளில் யாரும் சீட்டுப் போட்டதாகச் செய்தி இல்லை, அதற்குத் தேவையும் எழவில்லை. கப்பலில் இருந்த இடங்களைவிட ஏற விரும்பியோர் அதிகம் என்ற நிலை அன்று இல்லை. தோட்டத்துக்கு ஆள் போதவில்லை என்பதே துரைமார்களின் ஓயாத புகார். கதவு திறந்திருந்தது, நுழைவுக் கட்டணம் கடனாக வசூலிக்கப்பட்டது. 1910இல் ஒழிக்கப்படும்வரை ஒப்பந்தக் கூலி முறையில் அந்தக் கடன் கப்பல் கட்டணத்தின் வடிவில் தலையில் ஏறியது. கங்காணி முறையில் முன்பணத்தின் வடிவில். கங்காணி என்பவர் தோட்டத்தில் கூலிகளை மேற்பார்த்தவர். துரையிடம் உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்கு வந்து, தம் உறவினரிலும் சாதியாரிலும் ஆள் சேர்த்து அழைத்துச் சென்றவர். 1907இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, ஆள் வைத்திருக்கும் தோட்டங்கள் அனைத்திலும் வரி வசூலித்து அதிலிருந்து பயணச் செலவைக் கொடுத்ததால் கப்பல் கட்டணக் கடன் நீங்கியது. ஆனால் யார் போவது என்பதைக் கங்காணியே தீர்மானித்தார். அவருக்கு வேண்டியவன் பெயர்தான் பட்டியலில் ஏறும். இலங்கைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடுமை: கூலியின் கடன் தொகை எழுதப்பட்ட துண்டு என்னும் சீட்டு இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது, அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது.

இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இவற்றை அரசின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. 1938இல் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் கூலிகள் செல்வதை இந்திய அரசு அடியோடு நிறுத்தியது. சொந்தப் பணத்தில் டெக் டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் தொடர்ந்து ஓடின. கதவு உண்மையில் மூடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்: 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1953இல் நடைமுறைக்கு வந்த மலாயா, சிங்கப்பூர் குடியேற்றச் சட்டங்கள், 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த தடைகளால், நூறு ஆண்டுகளாக டெல்டா போய்வந்து பழகிய கரைகள் அனைத்தும் ஒரு தலைமுறைக்குள் அனுமதிச் சீட்டு கேட்கும் நாடுகளாயின. பின்னர் திறந்த வளைகுடாவில் விசா என்பது அங்குள்ள முதலாளியின் கையில் இருக்கும் பொருள். அது ஏஜெண்டு வழியாக விலைக்கு வரும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஏஜெண்டுகளுக்கு உரிமம் வேண்டும் என்றது, படிப்புக் குறைந்தவர்களின் பாஸ்போர்ட்டுக்கு எமிக்ரேஷன் சரிபார்ப்பை விதித்தது. ஆயினும் திருத்துறைப்பூண்டியிலோ முத்துப்பேட்டையிலோ விசாவுக்காக நகையை அடகு வைத்தவருக்குக் கங்காணிக்கும் ஏஜெண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை.

தரகரை நீக்குவதற்குச் சீட்டைப்போல எளிய கருவி வேறில்லை. கடல் கடக்கும் அனுமதியைச் சீட்டில் விடும் முறை டெல்டாவுக்கு முதலில் அறிமுகமானது பெரும்பாலும் ஹஜ் பயணத்தின் வழியாகத்தான். சவூதி அரசு இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் இடங்கள் மாநிலங்களுக்கு முஸ்லிம் மக்கள்தொகையின்படி பிரிக்கப்படுகின்றன. விண்ணப்பங்கள் அந்த எண்ணிக்கையை மிஞ்சும்போது ஹஜ் கமிட்டி குலுக்கல் நடத்துகிறது. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் குலுக்கலில் பெயர் வந்துவிட்டதா என்பது ஆண்டுக்கொரு முறை கேட்கப்படும் கேள்வி. இந்தக் குலுக்கலில் முன்பு ஒரு நல்ல விதி இருந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்கள், நான்காம் முறை குலுக்கலுக்கே போகாமல் நேராக இடம் பெற்றார்கள். 70 வயது கடந்தவர்களுக்கும் அப்படியே. 2018இல் வந்த புதிய ஹஜ் கொள்கை முதியோர் சலுகையை வைத்துக்கொண்டு நான்காம் முறைச் சலுகையை நீக்கிவிட்டது. வென்றவனை ஒதுக்கிவைத்தது உத்திரமேரூர்; தோற்றவனை நினைவில் வைத்தது பழைய ஹஜ் விதி. இரண்டும் ஒரே நோக்கத்தின் இரு பக்கங்கள்.

அமெரிக்கக் குலுக்கல்களுக்கு இத்தகைய நினைவு கிடையாது. அவற்றுள் மூத்தது பன்முகத்தன்மை விசா எனப்படுவது. வேலையோ உறவினரோ இல்லாதவருக்கும் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி தருவது. அதன் பிறப்பு அவ்வளவு தூயதன்று. 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வழி குறைந்துபோன அயர்லாந்துக்காரர்களுக்காக அமெரிக்கக் காங்கிரசில் அவர்களுடைய ஆதரவாளர்கள் முயன்று பெற்றது அது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 40,000 இடங்களில் 16,000 அயர்லாந்துக்கென்றே ஒதுக்கப்பட்டன. 1995 நிதியாண்டில் நிலையான வடிவம் பெற்ற பின்னர் அதன் அடிப்படை விதி இது: முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறியவர்களை அனுப்பிய நாடுகளில் பிறந்தோர் குலுக்கலில் சேர முடியாது. இந்தியா அந்த வரம்பைத் தாண்டி நிற்பதால் டெல்டாக்காரர் பெயர் குடத்துக்குள் போவதே இல்லை. இலங்கையில் பிறந்தவர் சேரலாம், மலேசியாவில் பிறந்தவர் சேரலாம். ஆகவே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய ஒருவரின் கொள்ளுப்பேரன் ஈப்போவில் பிறந்திருந்தால் அவனுக்கு இந்தச் சீட்டு உண்டு. கப்பல் ஏறாமல் நன்னிலத்தில் தங்கிவிட்டவரின் கொள்ளுப்பேரனுக்கு இல்லை. பிறந்த நாடுதான் கணக்கு, கணவன் அல்லது மனைவி பிறந்த நாட்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணை மணந்த தஞ்சாவூர்க்காரருக்கு அவள் வழியாக ஒரு வாசல் திறக்கிறது.

டெல்டாவின் பொறியியல் பட்டதாரிகளுக்கு மெய்யாகவே தொடர்புள்ளது எச்-1பி விசா. சிறப்புத் திறன் தேவைப்படும் வேலைக்கு அமெரிக்க நிறுவனம் ஒருவரை அழைத்துக்கொள்ளும் தற்காலிக அனுமதி அது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. 2007 ஏப்ரலில் முதல் இரண்டு நாட்களிலேயே 1,20,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்ததால் கணினிக் குலுக்கல் நடத்தப்பட்டது. 2013 முதல் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. 2020இல் முழு விண்ணப்பத்துக்குப் பதிலாக 10 டாலர் கட்டணத்தில் மின்னணுப் பதிவு போதும் என்று ஆனதும், பழைய நோய் புது வடிவில் திரும்பியது. ஒருவருக்காகப் பல நிறுவனங்கள் பதிவுசெய்தால் அவர் பெயர் பல ஓலைகளில் குடத்துக்குள் போகும் அல்லவா? 2023 மார்ச்சில் வந்த 7,80,884 பதிவுகளில் 4,08,891 பதிவுகள் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுடையவர்களுக்கானவை. உரிமம் உள்ள ஏஜெண்டும் கங்காணியும் இருந்த இடத்தில் இப்போது சிறிய ஆலோசனை நிறுவனங்கள் நின்றன. அடுத்த ஆண்டு முதல் எத்தனை நிறுவனம் பதிவுசெய்தாலும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஓலை என்று விதி மாற்றப்பட்டதும் தகுதியான பதிவுகள் 4,70,342 ஆகக் குறைந்தன. 919க்கும் 921க்கும் இடையே உத்திரமேரூர்ச் சபை செய்ததும் இதைப் போன்ற திருத்தமே.

ஆனால் திருத்தப்பட்ட குடத்துக்கும் கடந்த ஆண்டு நினைவில்லை. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படித்து முடித்தவர் பயிற்சிக் காலமாக அங்கே மூன்று ஆண்டுகள் வேலை பார்க்கலாம் என்பதால் அவருக்கு மூன்று முறையாவது குலுக்கல் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்று முறையும் தவறுவோர் 27க்கு 8 பேர், ஏறக்குறைய பத்தில் மூவர். அவர்களுக்குத் தவறிய முயற்சிகள் எந்த உரிமையையும் சேர்த்துத் தருவதில்லை, முதல் முறை வந்தவரோடு சமமாகவே நிற்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கான பச்சை அட்டையோ இதற்கு நேர்மாறு: அங்கே குலுக்கல் இல்லை, எல்லாம் நினைவுதான், ஆனால் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பினால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக் கணக்கில் நீண்டுகிடக்கிறது. சீட்டின் வேகமும் வரிசையின் நினைவும் கலந்த முறை ஒன்றை வகுப்பது கடினமான காரியமன்று. ஹஜ் கமிட்டியால் முடிந்தது. பெறுவோர் வெளிநாட்டினர், அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

பொருளியலாளர்கள் குலுக்கலை வேறொரு காரணத்துக்காக விரும்புகிறார்கள். நியூசிலாந்து தன் பசிபிக் அண்டை நாடான டோங்காவிலிருந்து ஆண்டுக்குச் சிலரைச் சீட்டு மூலம் ஏற்றுக்கொள்வதால், சீட்டில் வென்று போனவர்களையும் தோற்று நின்றவர்களையும் ஒப்பிட்டு, இடம்பெயர்வு வருமானத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை பொருளியலாளர் மெக்கென்ஸியும் அவருடைய தோழர்களும் கணக்கிட முடிந்தது. மறுபக்கம், நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் போன்றோர் அனுமதியை விலைக்கு விற்றுவிட வேண்டும் என்று வாதிட்டார்கள். டெல்டாவில் சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இந்த விவாதம் புதிதன்று. குலுக்கல் சீட்டில் மாதம் ஒருவர் பெயர் எடுக்கப்படும், எடுத்தவர் பெயர் அடுத்த மாதக் குலுக்கலில் இராது, கடைசி மாதத்துக்குள் எல்லாருக்கும் ஒருமுறை வந்துவிடும். ஏலச்சீட்டில் அதிகம் தள்ளிக் கேட்பவருக்குப் பணம். எச்-1பி இதுவரை முதல் வகையின் அரைகுறை வடிவமாக இருந்தது. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்கள் மீது 1,00,000 டாலர் கட்டணம் விதித்து அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணை அதை இரண்டாம் வகையை நோக்கித் தள்ளியது.

அதே மாதம் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட முன்மொழிவு இன்னும் நுட்பமானது. ஊதியத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து, உச்ச நிலையில் உள்ளவர் பெயரை நான்கு முறையும் அடிமட்ட நிலையில் உள்ளவர் பெயரை ஒரு முறையும் குடத்தில் இடுவது அதன் சாரம். உத்திரமேரூரில் கல்வி மிகுந்தவனுக்கு நிலத்தின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. இங்கே கல்வி எவ்வளவாயினும் ஊதியமே எத்தனை ஓலை என்பதை நிர்ணயிக்கும். வல்லத்துக்கு அருகிலோ திருமலைசமுத்திரத்திலோ பொறியியல் முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்பும் முடித்து, முதல் வேலையில் சேரும் இளைஞர் பெரும்பாலும் முதல் நிலை ஊதியத்தில்தான் தொடங்குகிறார்; அவருக்கு ஓர் ஓலை.